அருவிக்கு இட்ட பெயர்

விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் உறவினர்களிடமிருந்து இரண்டு கேள்விகள் வரும். எந்தெந்த நடிகையை நேரில் பார்த்திருக்கிறாய் என்பது முதல் கேள்வி. சோப்புக்கு நான்கு வரி எழுதுவதற்கா மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு என்னிடம் அவர்கள் மகிழும்படியான பதில் எப்போதும் இருந்ததில்லை. இரண்டாவதற்கு இருக்கிறது. ஆனால் கல்யாணப் பந்தியில் ரசம் வருவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய நீளத்தில் இல்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன். கொடைக்கானல் வரை போய்வர வேண்டியிருக்கும்.

சென்னையில் ஒரு நிறுவனத்தில் பதினாறு ஆண்டுகள் தமிழ் காப்பிரைட்டராக இருந்தேன். கிரியேட்டிவ் பிரிவில்தான் என் நாற்காலியும் இருந்தது என்றாலும் எங்கள் மூலைக்கு 'லாங்குவேஜ்' என்று தனிப்பெயர் உண்டு. ஆங்கிலம் ஒரு மொழி இல்லை போலும். பெரிய விளம்பரங்கள் பிறப்பது மும்பையில். ஆங்கிலத்தில் யோசித்து, இந்தியில் எழுதி, படம்பிடித்து, கிளையண்ட் கையெழுத்திட்ட பிறகு அவை எங்களிடம் வந்துசேரும். வரும்போதே அந்தப் பெண் குளித்து முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டிருப்பாள். அவள் வாயில் தமிழை வைப்பது என் வேலை.

வாயில் வைப்பது என்பதை உருவகமாகச் சொல்லவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் திரையில் ஓடும் முகத்தின் உதடுகள் எங்கெங்கே மூடுகின்றன என்று முதலில் குறித்துக்கொள்வோம். இந்தியில் அவள் 'ம' என்கிற இடத்தில் தமிழிலும் ஒரு 'ம' அல்லது 'ப' விழுந்தாக வேண்டும். இல்லையென்றால் பார்ப்பவருக்கு என்ன தவறு என்று தெரியாது; ஆனால் பொய் சொல்கிறாள் என்று மட்டும் தோன்றிவிடும். துறைமங்கலம் சிவப்பிரகாசர் பதினேழாம் நூற்றாண்டில் உதடே ஒட்டாத எழுத்துகளைக் கொண்டு திருச்செந்தூர் முருகன் மேல் நிரோட்டக யமக அந்தாதி பாடியிருக்கிறார். நாங்கள் செய்தது அதன் தலைகீழ் வித்தை. உதடு ஒட்டும் எழுத்தைத் தேடித்தேடி ஷாம்புவுக்கு வைத்துக்கொண்டிருந்தோம். சிவப்பிரகாசருக்கு முப்பது விநாடிக் கெடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் 'கண்டிஷன்ஸ் அப்ளை' என்று ஒரு மூச்சில் முடிவதைத் தமிழில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று முடிப்பதற்குள் அடுத்த விளம்பரம் தொடங்கிவிடும். தமிழ் விளம்பரக் குரல்கள் எல்லாம் ஏதோ ரயிலைப் பிடிக்க ஓடுகிறவை போல ஒலிப்பதற்கு இதுதான் காரணம்.

இந்த வேலையில் இன்பம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரவு பதினொரு மணிக்கு, ஆறாவது டீக்குப் பிறகு, ஒரு சொல் சரியாகப் போய் உட்காரும்போது ஏற்படும் மகிழ்ச்சி வெண்பாவுக்கு ஈற்றுச்சீர் கிடைத்தவனின் மகிழ்ச்சிதான். மறுநாள் காலை கிளையண்ட் "நல்லாருக்கு, இன்னும் ரெண்டு ஆப்ஷன் பாக்கலாமே" என்பார். அந்த இரண்டு ஆப்ஷன்களும் தோற்பதற்காகவே எழுதப்படுபவை. சில சமயம் அவற்றில் ஒன்றே வென்றுவிடும்.

எங்கள் அகராதி மிகச் சிறியது. 'ஃப்ரெஷ்னெஸ்' என்று வந்தால் 'புத்துணர்ச்சி' என்று எழுத வேண்டும். தமிழ்நாட்டில் யாரும் வீட்டில் 'புத்துணர்ச்சியாக இருக்கிறது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. குளித்துவிட்டு வந்தவர் 'அப்பாடா' என்பார். ஆனால் அப்பாடாவைப் பெட்டியின் மேல் அச்சிட முடியாது. ஆகவே சோப்பு, பற்பசை, தேநீர், டால்கம் பவுடர் எல்லாவற்றுக்கும் அதே புத்துணர்ச்சியைத் திருப்பித்திருப்பிக் கொடுத்தோம். அந்தச் சொல்லை என் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை.

அந்தப் புத்துணர்ச்சி குடியேறிய இடம் ஒன்றை 2009இல் பார்த்தேன். ஒரு தேயிலை விளம்பரத்தை முதல் வரியிலிருந்தே தமிழில் எழுதும் வாய்ப்பு கிடைத்திருந்தது. எனவே வழக்கத்துக்கு மாறாக என்னையும் இடம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். கொடைக்கானல் தேயிலைக்குப் பேர்போன ஊர் அல்ல. கிளையண்டுக்கு வேண்டியிருந்தது பனிமூட்டம் மட்டும்தான். இரண்டு நாட்கள் பனிமூட்டத்தைத் துரத்தினோம். நாங்கள் போய்ச் சேரும் இடத்திலெல்லாம் வெயில் அடித்தது. இரண்டாம் நாள் மாலை வட்டக்கானல் பக்கம் திரும்பியபோது ஜீப் ஓட்டியவர் கேட்டார்: "சார், லிரில் ஃபால்ஸ் பார்த்துட்டுப் போயிரலாமா?"

பாம்பாற்றின் மேல் இருக்கும் அருவி அது. பாம்பார் அருவி என்றுதான் பெயர். ஊரில் லிரில் அருவி என்றால்தான் வழி சொல்வார்கள். 1975இல் ஹிந்துஸ்தான் லீவர் லிரில் சோப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது எடுத்த விளம்பரப் படத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. பச்சை நீச்சலுடையில் ஒரு பெண் அருவியில் ஆடுவாள். நடித்தவர் கரேன் லுனெல். எடுத்தவர்கள் லின்டாஸ் நிறுவனத்தார். அப்போது அங்கே இருந்தவர்களில் ஒருவர் அலிக் பதம்ஸி. இந்தியக் குடும்பப் பெண்ணுக்கு நாள் முழுவதிலும் தனக்கே தனக்கென்று கிடைப்பது குளியலறையில் இருக்கும் அந்தப் பத்து நிமிடங்கள்தான், மாமியாரும் குழந்தைகளும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுவிடுகிறார்கள் என்ற கண்டுபிடிப்பிலிருந்து அந்த அருவி பிறந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். எங்கள் தொழிலில் இதற்கு 'இன்சைட்' என்று பெயர். நான் கேள்விப்பட்ட இன்சைட்களில் இதற்கு இணையானது வேறில்லை. ஒரு பெண்ணின் பத்து நிமிடத் தனிமையைப் புரிந்துகொள்ள நாவலாசிரியனுக்கு முந்நூறு பக்கம் தேவைப்படும். இவர்கள் புரிந்துகொண்டு, உடனே அதில் எலுமிச்சை வாசனையைச் சேர்த்துவிட்டார்கள்.

அந்தப் படத்தின் பாட்டில் சொல்லே கிடையாது. வெறும் ராக இழுப்பு. தமிழ் காப்பிரைட்டருக்கு அதில் வேலையே இல்லை என்பதைத் தொழில் பொறாமையோடு பதிவுசெய்கிறேன்.

படம் எடுத்தது இந்த அருவியில்தான் என்பது ஊர்ப்பேச்சு. பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கொடைக்கானலில் பெயர்கள் இப்படித்தான் ஒட்டும். ஏரியைக் கட்டிய லெவிஞ்ச் துரை, நடைபாதை போட்ட கோக்கர் என்று வெள்ளைக்காரர்களின் பெயர்கள் முதல் அடுக்கு. 'டெவில்ஸ் கிச்சன்' என்று அவர்கள் அழைத்த பாறைப் பிளவு 1991இல் கமல்ஹாசன் படம் வந்ததும் குணா குகையானது. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தபின் கேரளத்திலிருந்து அந்தப் பெயரைத் தேடியே கூட்டம் வந்தது. ஆனால் சோப்பின் பெயரைத் தாங்கிய அருவி இந்தியாவில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தயாரித்த கம்பெனி ஒரு பைசா கூடச் செலவழிக்காமல் நாற்பது ஐம்பது ஆண்டுகளாக ஜீப் ஓட்டுநர்கள் அந்த விளம்பரத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நாங்கள் பாறையில் நின்று, கேமராவை எங்கே வைத்திருப்பார்கள் என்று தொழில்முறை ஆர்வத்தோடு பேசிக்கொண்டிருந்தோம். "இங்க குளிக்க முடியாது சார், தண்ணி அவ்ளோ சில்லுனு இருக்கும். இதே தண்ணி கீழ கும்பக்கரைக்குப் போகுது. அங்க குளிக்கலாம்" என்றார் ஓட்டுநர். திரும்பும் வழியில், மேலே கையைக் காட்டி, விசேஷம் ஒன்றும் இல்லாத குரலில் சொன்னார்: "அந்தப் பக்கம் பாண்ட்ஸ் கம்பெனி இருந்துச்சு. தெர்மாமீட்டர் கம்பெனி."

முகப்பவுடர் கம்பெனிக்குத் தெர்மாமீட்டர் எதற்கு என்று கேட்காதவர்கள் குறைவு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் சீஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனம் நடத்திவந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை, 1980களின் முற்பகுதியில் இயந்திரங்களோடு கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. 1987இல் யூனிலீவர் பாண்ட்ஸை உலக அளவில் வாங்கியது. 1998இல் இந்திய பாண்ட்ஸ் ஹிந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. அப்படித்தான் லிரிலுக்கு அருவியைத் தேர்ந்த கம்பெனியே பாம்பார் சோலைக்கு மேலே மலைமுகட்டில் இருந்த பாதரசத் தொழிற்சாலைக்கும் உரிமையாளரானது. தெர்மாமீட்டர்கள் பெரும்பாலும் வெளிநாடுகளுக்குப் போயின. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடைக் கிடங்கில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஏழு டன்னுக்கும் மேல் கிடந்ததை ஊர்மக்களும் சூழல் இயக்கத்தினரும் வெளிக்கொண்டு வந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. இந்தியாவிலிருந்து குப்பை அந்தத் திசையில் பயணப்பட்டது அபூர்வம்.

பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை இல்லை. மூச்சில் போய் நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். முன்னாள் தொழிலாளர்கள் தங்கள் நோய்களுக்கும் சகாக்களின் சாவுகளுக்கும் அதுவே காரணம் என்றார்கள். பணிச்சூழலால் தொழிலாளர் உடல்நலம் கெட்டதாக எந்த ஆய்வும் காட்டவில்லை என்றது நிறுவனம். 2006இல் விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பிறகு வழக்கமான மௌனம்.

2015 ஜூலை இறுதியில் ஒருநாள் அலுவலகத்தில் இளம் பிள்ளைகள் ஒரு கணினியைச் சுற்றிக் கூட்டமாக நின்றார்கள். எட்டிப் பார்த்தேன். 'கொடைக்கானல் வோண்ட்' என்ற ராப் பாடல். பாடியவர் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப். அதற்கு முன் மும்பையில் காப்பிரைட்டராக இருந்தவர். நிக்கி மினாஜின் புகழ்பெற்ற பாட்டின் மெட்டை எடுத்து, அதில் கொடைக்கானலை வைத்திருந்தார். சில நாட்களில் நிக்கி மினாஜே அதை ட்விட்டரில் பகிர்ந்தார். பல லட்சம் பேர் பார்த்தார்கள். லண்டனிலிருந்து யூனிலீவரின் தலைமை அதிகாரி பதில் சொல்லவேண்டி வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது. மனிதாபிமான அடிப்படையில் தரும் தொகை என்றது. எவ்வளவு என்று வெளியிடவில்லை.

எங்கள் அறையில் நடந்த உரையாடலை அப்படியே சொன்னால் வெளியாட்களுக்கு அருவருப்பாக இருக்கலாம். "ஹுக் பிரமாதம்." "மெட்டு எல்லோருக்கும் தெரிஞ்சது, பாதி வேலை முடிஞ்சுது." "டார்கெட் யாருன்னு தெளிவா இருக்கு, ஒரே ஒரு ஆளு, சிஇஓ." பாதரசத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் அவர்கள் கல்நெஞ்சர்கள் என்று சொல்லமாட்டேன். தச்சர் ஒருவரைச் சாவு வீட்டுக்கு அழைத்துப் போனாலும் அவர் கண் கதவு நிலையின் இழைப்பில் ஒருகணம் நிற்கும். தவிரவும் அந்தக் கம்பெனி எங்கள் கிளையண்ட் அல்ல. ஆகிவிடக்கூடாதா என்று ஏங்காத ஏஜென்ஸி இந்தியாவில் இல்லை. நாட்டின் மிகப்பெரிய விளம்பரதாரர்களில் ஒன்று அது. லின்டாஸ் என்ற பெயரே 'லீவர் இன்டர்நேஷனல் அட்வர்டைசிங் சர்வீசஸ்' என்பதன் சுருக்கம்தான். இந்தியாவில் விளம்பரம் எழுதக் கற்றவர்களில் பெரும்பாலோர் நேரடியாகவோ சுற்றுவழியாகவோ சோப்பு நுரையில் கற்றவர்கள். எழுதிக்காட்டு, முப்பது விநாடியில் பிடி, மனத்தில் தங்கும் ஒரு வரியைக் கொடு என்று அந்தத் தொழில் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் எடுத்து அதன் முகத்துக்கு நேரே ஒருவர் திருப்பிக் காட்டியதைத்தான் அன்று பார்த்தோம். பிள்ளைகள் பாராட்டியது அதை.

"இதைத் தமிழ்ல பண்ணுங்க பாப்போம் சார்" என்று ஒரு பெண் என்னைச் சீண்டினாள். அன்று மாலை உட்கார்ந்தேன். தலைப்பிலேயே நின்றுவிட்டேன்.

ஆங்கிலத்தில் 'வோண்ட்' என்றால் போதும். யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊரா, மக்களா, மலையா, எல்லாம் அதற்குள் அடங்கும். தமிழ் வினை அப்படி விடாது. கொடைக்கானல் அஃறிணை, ஆகவே 'மாட்டாது'. அது மின்வாரிய அறிவிப்புப் போல இருந்தது. ஊரை மக்களாகப் பார்த்தால் 'மாட்டார்கள்'. அப்போது நான் வெளியே நின்று அவர்களைப் பற்றிப் பேசுகிறேன். 'மாட்டோம்' என்றால் தலைப்பு நன்றாக இருக்கிறது; ஆனால் அந்த 'ஓம்' விகுதிக்குள் நிற்க எனக்கு என்ன உரிமை? தொல்காப்பியர் தன்மைப் பன்மை வகுத்தபோது இப்படி ஒரு சங்கடம் வரும் என்று நினைத்திருக்க மாட்டார்.

இந்த விகுதிச் சண்டை எனக்குப் புதிதல்ல. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் ஆலையில் ஒரு விபத்து. நாளிதழ்களில் அரைப்பக்க அறிவிப்பு வரவேண்டும். ஆங்கில மூலம் இரவு ஒன்பது மணிக்கு வந்தது. விபத்து குறித்த வருத்தம் அதில் செயப்பாட்டு வினையில் இருந்தது. வருந்துவது யார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. தமிழில் நான் 'நாங்கள் வருந்துகிறோம்' என்று எழுதி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் சட்டப் பிரிவிலிருந்து தொலைபேசி. "நாங்கள்ங்கிறது வேண்டாம் சார். வருந்துகிறோம்ங்கிறதும் வேண்டாம், பொறுப்பு ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்." கடைசியில் 'நிகழ்வு வருந்தத்தக்கது' என்று அச்சானது. இலக்கணப் பிழை ஏதும் இல்லாத வாக்கியம். நிகழ்வு தானே நடந்து, தானே வருந்தத்தக்கதாகி, தானே முடிந்துபோயிருந்தது. அதே ஆண்டில்தான் 'நாங்கள் உங்கள் சருமத்தைப் புரிந்துகொள்கிறோம்' என்று இன்னொரு கிளையண்டுக்கு எழுதினேன். அந்த 'நாங்கள்' மீது எந்த வக்கீலும் கைவைக்கவில்லை.

விளம்பர நிறுவனத்தில் வேலை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். அங்கே பொய் எழுதச் சொல்வதில்லை. பதினாறு ஆண்டுகளில் எனக்கு யாரும் பொய் எழுதித் தா என்று சொன்னது கிடையாது. ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்பார்கள். எழுவாயை எங்கே வைப்பது, எங்கே எடுத்துவிடுவது என்பதுதான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை. நன்றாகச் செய்தேன் என்றும் சொல்லிக்கொள்வேன்.

கொடைக்கானல் தொழிலாளர்கள் பாட்டு வரும்வரை பதினான்கு ஆண்டுகள் பேசாமல் இருந்தவர்கள் அல்ல. மனு எழுதினார்கள், ஊர்வலம் போனார்கள், வழக்குப் போட்டார்கள். மனுவின் தமிழ் நம் எல்லோருக்கும் தெரியும். அனுப்புநர், பெறுநர், பொருள், 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்'. ஹுக் கிடையாது, எழுவாய் ஒவ்வொரு வரியிலும் உண்டு. அந்தத் தமிழ் திண்டுக்கல்லைத் தாண்டச் சிரமப்பட்டது. இரண்டு மூன்று நிமிட ஆங்கிலப் பாட்டு லண்டனுக்குப் போய்விட்டது. பாடலைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. அது செய்ததை நூறு மனுக்கள் செய்யவில்லை என்பது கண்கூடு. தமிழ் காப்பிரைட்டராக எனக்கு அது உறுத்தியது, அவ்வளவுதான். 2018இல் 'கொடைக்கானல் ஸ்டில் வோண்ட்' என்று இரண்டாம் பாடல் வந்தது. டி.எம். கிருஷ்ணாவும் உடன் பாடினார், தமிழும் இருந்தது. முதல் பாடல் போன தூரம் அது போகவில்லை.

இரண்டாம் பாடலின் வழக்கு மண்ணைப் பற்றியது. தொழிற்சாலை வளாகத்து மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்ற அளவோடு சுத்திகரிப்பு முடிவாகியிருந்தது. பிரிட்டனில் இதே கம்பெனி இவ்வளவு தளர்வான அளவில் தப்ப முடியாது என்றார்கள் செயல்பாட்டாளர்கள். இதைவிடக் கடுமையாக்கினால் மரங்களை வெட்ட வேண்டிவரும், சரிவில் மண் அரிக்கும் என்பது மறுதரப்பு வாதம். சோலைக்காடு ஒருமுறை போனால் அவ்வளவு எளிதில் திரும்பாது என்பதால் அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை. ஆனால் மரத்துக்காகக் கவலைப்படும் அந்த வாக்கியத்தில் மண்ணில் பாதரசம் எப்படி வந்தது என்பதற்கு இடமில்லை.

வேலையை விட்டு விலகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. போன கோடையில் குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். என் அண்ணன் மகள் கைபேசியில் வரைபடத்தைப் பார்த்து, "சித்தப்பா, லிரில் ஃபால்ஸ்னு ஒண்ணு இருக்கு, லிரில்னா என்ன?" என்று கேட்டாள். அவள் அந்தச் சோப்பைப் பார்த்ததில்லை. சோப்பு என்றேன். "அருவிக்கு எதுக்குச் சோப்பு பேரு?" என்றாள். விளக்கினேன்: அருவி, பச்சை உடை, பத்து நிமிடத் தனிமை. கேட்டுக்கொண்டாள். செயின்ட் மேரீஸ் சாலைப் பக்கம் வண்டி திரும்பியபோது, "இங்க என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள். மூடிய கேட்டுக்கு அப்பால் மரங்கள் தெரிந்தன. "தெர்மாமீட்டர் செஞ்சாங்க" என்றேன்.

"யாரு?" என்றாள்.